உள்ளே உட்கார்ந்தால் ரயில் தெரியாது

ஊருக்கு வெளியே, பஸ் நிற்காத, கடை இல்லாத, நிழலும் இல்லாத ஓரிடத்தில், காலை ஏழு மணிக்கு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அலுமினிய ஏணியின் நான்காவது படியில் நின்றுகொண்டு மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் பயப்பட வேண்டாம். அவர் வீட்டைவிட்டு ஓடிவந்தவர் அல்ல. சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பார், வீட்டிலும் "எங்கேயோ போய்த் தொலையட்டும்" என்று விட்டிருப்பார்கள். அவர் தண்டவாள ஓரத்து ஆசாமி. ரயிலுக்காக நிற்கிறார். ஏறுவதற்கா? சேச்சே! ஏறுகிறவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயமே கிடையாது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் படத்தைக் கெடுக்கிறவர்கள் என்பதுதான் அவர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம்.

இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். பதினான்கு பைகள் வைத்துத் தைத்த, கை இல்லாத ஒரு மேல்சட்டை போட்டிருப்பார். ஒரு பையில் லென்ஸ் துடைக்கும் துணி, ஒன்றில் கூடுதல் பேட்டரி, ஒன்றில் அதற்கும் கூடுதல் பேட்டரி, ஒன்றில் குறுக்கே வரும் கிளையை நறுக்க ஒரு கத்தரிக்கோல், ஒன்றில் நேற்றைய பாதி பன். வீட்டுச் சாவி எங்கே என்று கேட்டால் மட்டும் பதினான்கையும் தட்டிப் பார்ப்பார். நாமெல்லாம் ஒரு ரயிலை அது போகிற ஊரை வைத்துச் சொல்வோம். அவர் அதை இழுக்கிற இன்ஜினின் நம்பரை வைத்துச் சொல்வார், அதுவும் உறவுக்காரரை விசாரிக்கிற குரலில். "நாலாயிரத்துப் பன்னிரண்டு ஒர்க் ஷாப்புலேர்ந்து வந்துடுச்சாமே, இப்ப எப்படி இருக்கு?" சொந்தத் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு நாள் ஆகியிருக்கும், அவனைப் போய்ப் பார்க்க நேரம் இருந்திருக்காது. அவருடைய கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். "அன்னிக்கு வெளிச்சம் பிரமாதம்" என்பார்.

தனியாக இருக்கும்போது இவர் சாது. கூட்டம் சேர்ந்தால்தான் சட்டதிட்டங்கள் வந்துவிடும். முதலில் வந்தவருக்கு முதல் இடம், ஏணி வைத்திருப்பவர் பின்வரிசை, குட்டையானவர் முன்னால் மண்டி போட வேண்டும், யாராவது அரையடி நகர்ந்துவிட்டால் பின்னாலிருந்து "தலை!" என்று ஓர் அதட்டல் வரும், அது ஊர்ப் பெரிய மனிதரின் தலையாகவே இருந்தாலும் உடனே உள்ளே போய்விட வேண்டும். ரயில் வருவதற்கு நான்கு மணி நேரம் முன்பே வந்துவிடுவார்கள். அந்த நான்கு மணி நேரமும் என்ன செய்வார்கள்? போன வருஷம் இதே இடத்தில் மேகம் வந்த கதையைப் பேசுவார்கள். அதற்கு முந்தின வருஷம் சரக்கு ரயில் குறுக்கே வந்த கதையைப் பேசுவார்கள். ரயில் அரை நிமிஷத்தில் போய்விடும். அந்த அரை நிமிஷத்தைப் பற்றி அடுத்த ஆறு மாதம் பேசுவார்கள்.

சாதாரண ரயிலுக்கே இந்தப் பாடு என்றால், ஸ்பெஷல் வரும் நாளைக் கேட்கவே வேண்டாம். ஸ்பெஷல் என்றால் விடுமுறைக் கூட்டத்துக்காக விடுகிற ஸ்பெஷல் இல்லை. ரயில்வேயின் மேலிடத்துப் பெரியவர்கள், தலைவரிலிருந்து தலைமைப் பொறியாளர் வரை, தங்கள் பாதை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வருஷத்துக்கு ஒரு தடவை கிளம்புகிற ரயில் அது. எட்டே எட்டுப் பெட்டி. எல்லாம் கருநீலம், முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு. முன்னால் அதே நிறத்தில் பழைய மாடல் இன்ஜின் இரண்டு. கடைசிப் பெட்டியின் பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி; அதற்குள் சாய்வு நாற்காலி போட்டுக்கொண்டு பெரியவர்கள் பின்னால் ஓடும் தண்டவாளத்தைக் கவலையோடு பார்த்துக்கொண்டே போவார்கள். அதன் நேரத்தை வெளியில் சொல்ல மாட்டார்கள். ஸ்டேஷன் பலகையில் தேடினாலும் கிடைக்காது. சொல்லாததால்தானே இவ்வளவு வெறி!

எனக்கு இவ்வளவும் எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் அக்காவைக் கட்டியவர் இந்த இனத்தில் முதல் வரிசை. அத்தானுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக் கேட்டுக் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர். பதினோரு வருஷமாக அந்த ஸ்பெஷலைத் துரத்துகிறார். இரண்டு இன்ஜினும் எட்டுப் பெட்டியும், வெயில் முகத்தில் விழ, ஒரே படத்துக்குள் வளைந்து நிற்க வேண்டும். அவர் கேட்பது அவ்வளவுதான். பதினோரு வருஷத்தில் நான்கு தடவை மேகம், மூன்று தடவை சரக்கு ரயில், இரண்டு தடவை பேட்டரி, ஒரு தடவை லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தது, ஒரு தடவை தும்மல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ரயில் எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும் என்று எழுதுகிறவளே என் அக்காதான். ரயில்வே அலுவலகத்தில், நேர அட்டவணைப் பிரிவில், முப்பத்தொரு வருஷ வேலை. பெரிய கட்டத்தாளில் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு சாய்வுக் கோடு போட வேண்டும். ஒரு கோடு இன்னொரு கோட்டோடு மோதினால் ரயிலும் மோதும் என்பதால், அவள் பென்சிலை மிகவும் மரியாதையாகப் பிடிப்பாள். ஸ்பெஷலின் கோட்டையும் அவள்தான் போடுவாள். அத்தானோ ரயில்வே கேட்காரரிடம் போய் நிற்பார், பிளாட்பாரத்து டீக்கடையில் தவம் கிடப்பார், யார் யாரிடமோ போன் போட்டு வாயைப் பிடுங்குவார். விடை தெரிந்தவள் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

"நாளைக்கா, நாளன்னிக்கா? அதை மட்டும் சொல்லேன்."

"ஆபீஸ் விஷயத்தை வீட்டுல பேசக் கூடாதுங்க."

"நான் என்ன ரயிலைத் தூக்கிட்டா போயிடப் போறேன்?"

"சாப்பிடுங்க. ஆறுது."

அக்கா எப்போதாவது அரை மணி முன்னால் ஆபீசுக்குக் கிளம்பினால் மறுநாள் ஸ்பெஷல் என்று அத்தான் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். அக்காவுக்கு அது தெரிந்துபோயிற்று. அன்றிலிருந்து தினமும் அரை மணி முன்னால் கிளம்ப ஆரம்பித்தாள்.

இந்த வருஷம் அக்காவுக்கு ஓய்வு. கடைசி மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. நான் அன்று அங்கேதான் இருந்தேன். அவள் உறையை மேஜைமேல் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டாள்.

"ரிட்டயர் ஆகறவங்களை இந்தத் தடவை ஸ்பெஷல்ல கூட்டிட்டுப் போறாங்களாம். வியாழக்கிழமை. உங்களுக்கும் எனக்கும் சேர்த்து ரெண்டு சீட்டு."

அத்தான் எழுந்து நின்றுவிட்டார். "ஸ்பெஷல்லயா!"

"ஆமாங்க. நாலாவது பெட்டி. மத்தியானம் தலைவர்கூட சாப்பாடு."

"நாலாவது..." அவர் மனசுக்குள் எட்டுப் பெட்டியும் ஓடுவது முகத்தில் தெரிந்தது. ஓடி முடிந்ததும் முகம் விழுந்துவிட்டது. "நேரம், பாதை எல்லாம் இப்ப சொல்லலாம்ல?"

"சொல்லலாம். நீங்களும்தானே வர்றீங்க."

"நான் எப்படிம்மா வர்றது? உள்ள உட்கார்ந்தா ரயிலே தெரியாதே!"

பதினோரு வருஷமாக ஒரு வீட்டு வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தவரை "உள்ளே வாங்க" என்று கூப்பிட்டால், "வேண்டாம், உள்ளே வந்தால் வாசல் தெரியாது" என்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

"யோசிச்சுப் பாரு. நீ உள்ள இருக்கே, நான் வெளிய இருக்கேன். ஸ்பெஷல்ல நீ போற மாதிரி ஒரு படம்! எவனுக்குக் கிடைக்கும்? இடது பக்கம் மூணாவது ஜன்னல்ல உட்காரு. மஞ்சள்ல போட்டுக்கோ, கருநீலத்துக்கு எடுப்பா இருக்கும். பெரிய வளைவுல நான் நிப்பேன். கையாட்டு."

"கையாட்டினா படம் கெட்டுப்போகும்பீங்களே?"

"நீ ஆட்டினா பரவாயில்ல."

அவர்கள் இனத்தில் இதைவிடப் பெரிய காதல் வசனம் கிடையாது. அக்காவும் சிரித்துவிட்டாள். ஆனால் பிறகு, சமையலறையில் தட்டுகளைத் துடைத்து அடுக்கும்போது, என்னிடம் சொன்னாள்.

"முப்பத்தொரு வருஷமா தாள்ல கோடு போட்டேன்டா. அந்தக் கோட்டுல ஒரு நாள் நானே போகப் போறேன். பக்கத்துல அவர் இருந்தா நல்லா இருக்கும்னு நினைச்சேன்." ஒரு தட்டை இரண்டாவது தடவை துடைத்தாள். "சரி, வெளியேர்ந்தாவது பார்க்கட்டும். நான் அதுல போறதை அவர் ஒரு தடவை பார்த்தாப் போதும். நீயும் கூடப் போடா."

போகிறேன் என்றேன்.

வியாழக்கிழமை காலை முதலில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்து மேட்டில் பத்தொன்பது பேர் திரண்டிருந்தார்கள். அக்காவிடம் கேட்டு ஸ்பெஷலின் நேரத்தைக் கொண்டுவந்தவர் என்பதால் அத்தானுக்கு அன்று ராஜ மரியாதை. நடு இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். பின்வரிசையில் ஏணிமேல் ஒரு பல் டாக்டர். அவரிடம் வியாழக்கிழமை பல் பிடுங்க வருவதாக இருந்தவர்கள் வெள்ளிக்கிழமைவரை வலியோடு இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது நாற்பதுக்கு ஸ்பெஷல் பாலத்தில் ஏற வேண்டும். அக்கா போட்ட கோடு தப்புமா? டாணென்று ஒன்பது நாற்பதுக்கு ஹாரன் கேட்டது. பத்தொன்பது கேமராவும் உயர்ந்தன. அதே நொடியில், இந்தப் பக்கத்துத் தண்டவாளத்தில், சிமெண்ட் ஏற்றிய ஒரு சரக்கு ரயில் ஆடி அசைந்து உள்ளே நுழைந்தது.

ஐம்பத்தெட்டு வேகன். அவசரமே இல்லை. வேகன்களுக்கு மேலே ஒரு கருநீலக் கோடு மட்டும் நழுவிப் போனது. பத்தொன்பது கேமராவும் இறங்கின. ஏணிமேலிருந்து டாக்டர் மட்டும், "மேல்கூரையை நல்லா துடைச்சிருக்காங்க" என்றார்.

இப்படிப்பட்ட நேரத்தில் நீங்களும் நானும் வீட்டுக்குப் போய்விடுவோம். இந்த இனம் போகாது. அடுத்த ஸ்டேஷனில் ஸ்பெஷல் இருபது நிமிஷம் நிற்கும், பெரியவர்கள் இறங்கிக் குடிநீர்க் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், அதற்குள் முந்திக்கொண்டு பெரிய வளைவுக்குப் போய்விடலாம். ஐந்து கார்கள் பறந்தன. எங்கள் காரில் அத்தான், நான், டாக்டர், ஏணி. ஏணியின் ஒரு முனை பின் ஜன்னலுக்கு வெளியே. மறு முனை என் காதோரம். டாக்டரோடு பேச வேண்டுமானால் இரண்டு படிகளுக்கு நடுவே முகத்தை வைத்துப் பேச வேண்டியிருந்தது. எண்பதில் போன கார் திடீரென்று நின்றது. எதிரே ரயில்வே கேட். மூடியிருந்தது.

"திறங்க! அவசரம்!" என்று அத்தான் இறங்கி ஓடினார்.

"ஸ்பெஷல் போகணும் சார்," என்றார் கேட்காரர்.

"அதுக்குத்தான்யா நாங்களும் போறோம்!"

"அது போனப்புறம் போங்க."

கார்களை அப்படியே விட்டுவிட்டு, கேட்டுக்கு இந்தப் பக்கமாகவே போகிற ஒற்றையடிப் பாதையில் பத்தொன்பது பேரும் ஓடினார்கள். கண்ணாடிக் கடைக்காரர், பல் டாக்டர், ஒரு வங்கி மேலாளர், இரண்டு வாத்தியார்கள், ஏணியை இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் பிடித்துக்கொண்டு, முள்ளைப் பார்க்காமல், மேட்டைப் பார்க்காமல், ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு. அத்தானுக்குப் பத்து வருஷமாக முட்டி வலி. அன்றைக்கு அதைக் காணோம்.

வளைவுக்குப் போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கும்போது மேகம் ஒன்று சூரியனை நெருங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பத்தொன்பது பேரும் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. திட்டுக்குப் பயந்தோ என்னவோ மேகம் ஒதுங்கியது. பளிச்சென்று வெயில். "தலை!" என்று ஒருவர் கத்த, வரிசை ஒழுங்காயிற்று.

"மாப்ளே, நாலாவது பெட்டி, மூணாவது ஜன்னல். மறந்துடாதே," என்றார் அத்தான்.

"நான் மறக்கல. நீங்க மறக்காம இருங்க."

"பொண்டாட்டியை மறப்பேனா!"

ஹாரன். வளைவின் அந்தக் கோடியில் இரண்டு கருநீல மூக்குகள் தெரிந்தன. பிறகு பெட்டி, பெட்டி, பெட்டி, எட்டும் வரிசையாக உடம்பை வளைத்துக்கொண்டு, அவ்வளவு பளபளப்பும் வெயிலைத் திருப்பி அடிக்க, ஒரே சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தன. பத்தொன்பது விரல்களும் ஒன்றாக இறங்கின. சடசடவென்று பொரிகிற சத்தம். பதினோரு வருஷத்துப் படம் விழுந்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள். பதினோரு வருஷம் தேடிய ஒன்று கையில் கிடைத்த மனிதன் அடுத்த நொடி என்ன செய்வான்? கிடைத்ததா என்று பார்ப்பான். கேமராவின் பின்பக்கத்துச் சின்னத் திரையில் வெயில் அடித்ததால், பத்தொன்பது பேரும் தலையைக் குனிந்து, ஒரு கையைக் குடை பிடித்து, மூக்கு ஒட்டும்படி உற்றுப் பார்த்தார்கள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது!"

"எட்டும் இருக்கா?"

"எட்டும் இருக்கு! நம்பர்கூடப் படிக்க முடியுது!"

பக்கத்தில் எதுவோ தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. காற்றில் ஒரு வாத்தியாரின் தொப்பி பறந்தது. அவர் குனிந்த தலையோடு, ஒரு கையால் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி திரைக்குப் போனார். எல்லோரும் நிமிர்ந்தபோது கடைசிப் பெட்டியின் கண்ணாடி முதுகு மரங்களுக்குள் மறைந்துகொண்டிருந்தது. அதையும் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். அத்தான் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எட்டும் இருக்கு மாப்ளே, எட்டும்!" என்றார். வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் அக்கா வந்தாள். மஞ்சளில்தான் போயிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்ததும், அத்தான் கம்ப்யூட்டரை அவள் மடியிலேயே வைத்தார்.

"பாரு!"

அவள் பார்த்தாள். "நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு." பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள், அத்தான் கடையில் செய்த கண்ணாடிதான். "நான் எங்கங்க?"

அவர் படத்தைப் பெரிதாக்கினார். நாலாவது பெட்டியின் ஜன்னல்கள் எள்ளளவு இருந்தன. இன்னும் பெரிதாக்கினார், எள் கலங்கியது. "இதோ, இது நீயா இருக்கலாம்."

"இது கம்பிங்க."

அடுத்த படம் புல். கேமராவைக் கீழே இறக்கும்போது கை பட்டு விழுந்தது. அதற்கு அடுத்தது கடைசிப் பெட்டியின் முதுகு.

"நடுவுல?"

நடுவில் ஒன்றும் இல்லை. அத்தான் முன்னாலும் பின்னாலும் இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என் பக்கத்து சீட்டு காலியா இருக்கேன்னு தலைவர் கேட்டாருங்க," என்றாள் அக்கா. "வளைவுல நிப்பாரு சார், என்னைப் பார்க்கறதுக்காகன்னு சொன்னேன். அப்படியான்னு எல்லாரும் எழுந்து இடது பக்கம் வந்துட்டாங்க. டிரைவர்கிட்டச் சொல்லி வேகத்தைக்கூடக் குறைக்கச் சொன்னாரு. எல்லாருமா சேர்ந்து கையாட்டினோம்."

"அப்புறம்?"

"'பாவம், எதையோ தொலைச்சிட்டுத் தேடறாங்க போல'ன்னாரு தலைவர்."

அவள் போனை எடுத்து நீட்டினாள். ஒரே ஒரு படம். ஜன்னல் வழியாக எடுத்தது. வெயிலில் ஒரு வரிசை மனிதர்கள், அத்தனை பேரும் தலைகுனிந்து, ஒரு கையைக் குடை பிடித்து. பழக்க தோஷம், அத்தான் வாய் தானாகவே பேசியது. "வெளிச்சம் சரியா விழுந்திருக்கு. ஓடற ரயில்லேர்ந்து எடுத்தும் அசங்கல. கம்பம் எதுவும் குறுக்க..." இடது பக்கத்திலிருந்து மூன்றாவது ஆளிடம் அவர் விரல் வந்து நின்றது. அது அவரேதான்.

"அடுத்த வருஷம்," என்றார் கடைசியில், "நாம ரெண்டு பேருமா உள்ள..."

"எனக்கு இன்னொரு தடவை ரிட்டயர் ஆக முடியாதுங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொன்ன பிறகு அவர் கையைத் தட்டியும் கொடுத்தாள். கோபமாகவே சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அத்தான் கம்ப்யூட்டரை மெதுவாக மூடினார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீயாவது பார்த்தியாடா?"

நான் போனை வாங்கி, குனிந்த தலைகளை எண்ணினேன். பத்தொன்பது இல்லை. இருபது. இருபதாவது ஆளிடம் கேமரா இல்லை. கையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருந்தன. "கிடைச்சுதா", "கிடைச்சுது", "எட்டும் இருக்கா" எல்லாவற்றையும் மறந்துபோவதற்குள் அவன் அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தான், உங்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று. இப்படி ஓர் இனம் வகையாகக் கையில் சிக்கிய சந்தோஷத்தில் அவன் முகமெல்லாம் சிரிப்பு. அவனுடைய அக்கா பத்தடி தூரத்தில் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு போயிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

நீங்கள் சிரிக்கலாம். உங்களிடம் கேமரா இல்லை, ஏணி இல்லை, நோட்டுப் புத்தகமும் இல்லை. காலை நீட்டி உட்கார்ந்து சும்மா வாசித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆனால் அந்தச் சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்த இடத்தில் என்று நினைக்கிறேன், ஒருவர் உங்கள் பக்கத்தில் வந்து நின்று ஏதோ கேட்டார். நீங்களும் தலையைத் தூக்காமல் "ம்" என்றீர்கள்.

என்ன கேட்டார்?